ஸ்கிரீனில் ஜெயிப்பவர் யார் பணத்தில் ஆடுகிறார்?

சென்ற மாதம் திருத்தணிக்குப் போயிருந்தேன். மலைக்குப் போகும் வழியில் பூஜை சாமான் கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணா புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பிளஸ் டூ படிக்கும் பையனுக்காக வாங்கியது. பிரிண்டர் இன்ஸ்டால் செய்து தரச் சொல்லிக் கூப்பிட்டார். சாப்ட்வேர் என்ஜினியர் ஊருக்கு வந்தால் இந்த வேலை தப்பாது. உங்கள் தெருவிலும் இப்படி ஒருவன் மாட்டியிருப்பான்!

பிரிண்டர் பத்து நிமிடத்தில் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அண்ணா மெதுவாக யூடியூபைத் திறந்து ஒரு வீடியோவைக் காட்டினார். தெலுங்கு சேனல். எல்லை ஊர் என்பதால் எங்கள் பக்கம் தெலுங்கு சேனல் பார்ப்பது சகஜம். ஓர் இளைஞர் ஆன்லைன் கேசினோவில் ஸ்லாட் மெஷின் ஆடுகிறார். ஓரத்தில் சின்னக் கட்டத்தில் அவர் முகம். மேலே பேலன்ஸ் 18 லட்சம் என்று ஓடுகிறது. ஒரு சுற்று சுற்றுகிறது, 3 லட்சம் விழுகிறது, நாற்காலியிலிருந்து குதிக்கிறார்.

"ஏம்பா, இது நெஜமாவே அவன் பணமா? இல்ல சும்மா காட்டறானா?" என்று கேட்டார் அண்ணா.

"எதுக்குண்ணா கேக்கறீங்க?" என்றேன்.

அவர் ஏற்கெனவே 3,000 ரூபாய் கட்டியிருந்தார். சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாய் அடுத்ததாகக் காத்திருந்தது. "சொந்தக் காசைப் போட்டு தினமும் ஆடறான்னா அதுல ஏதோ இருக்கணும் இல்ல?" என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்கு அவர் ஒருவருடையது மட்டுமல்ல. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் சில வார்த்தைகள். கம்ப்யூட்டரில் தான் செய்வதை அப்படியே நேரலையாக இண்டர்நெட்டில் காட்டுவதற்கு ஸ்ட்ரீமிங் என்று பெயர். காட்டுபவர் ஸ்ட்ரீமர். கிரிக்கெட் கேம், கார் ரேஸ் என்று ஆடிக் காட்டுபவர்கள் நிறைய உண்டு. அவர்களில் ஒரு பிரிவினர்தான் பணம் வைத்து ஆடும் கேசினோவைக் காட்டுபவர்கள்.

அண்ணாவுக்கு நான் பதில் சொல்லவில்லை, செய்து காட்டினேன். நீங்களும் செய்து பாருங்கள். பிரவுசரில் எண்கள் உள்ள ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்திடுங்கள். பேங்க் பக்கம் வேண்டாம், கிரிக்கெட் ஸ்கோர் போதும். ஓர் எண்ணின் மேல் ரைட் கிளிக் செய்திடுங்கள். வரும் மெனுவில் கடைசியில் 'இன்ஸ்பெக்ட்' என்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் அந்தப் பக்கத்தின் கோடிங் ஒரு தனிப் பகுதியில் திறக்கும், நீங்கள் தொட்ட எண் அதில் தெரியும். அந்த எண்ணில் டபுள் கிளிக் செய்து உங்கள் விருப்பப்படி வேறு எண்ணை டைப் செய்து என்டர் தட்டுங்கள். 42 ரன் 420 ஆகிவிடும்! எதுவும் கெட்டுப் போகாது. மாற்றம் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான். எஃப் 5 கீயைத் தட்டினால் பழைய எண்ணே வந்துவிடும்.

அண்ணா தன் கையாலேயே ஒரு விக்கெட் கீப்பருக்கு 900 ரன் போட்டார்.

"அப்போ அவன் எஃப் 5 தட்டிக் காட்டினா நம்பலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நம்ப முடியாது. எந்த சாப்ட்வேராக இருந்தாலும் அதைச் சோதிக்க டெஸ்ட் அக்கவுண்ட் இருக்கும். நாங்கள் வேலையில் தினமும் பயன்படுத்துவதுதான். அதில் கோடி ரூபாய் பேலன்ஸ் வேண்டுமானாலும் சர்வரிலேயே போட்டுக் கொள்ளலாம். எத்தனை முறை எஃப் 5 தட்டினாலும் அந்தக் கோடி அப்படியே இருக்கும். பல கேசினோ சைட்டுகளில் பணம் கட்டாமல் ஆடிப் பார்க்க டெமோ வசதியும் இருக்கிறது. கிரிப்டோ கரன்சியில் பணம் கட்டியதற்கான பதிவைச் சில ஸ்ட்ரீமர்கள் காட்டுவார்கள். அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதுதான் அதில் தெரியும். அந்தக் கணக்கில் யார் போட்டார்கள் என்பது தெரியாது.

ஆக, ஸ்கிரீனைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் ஒரு காகிதமும் பேனாவும் இருந்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

ஆன்லைன் ஸ்லாட்டுகளில் 96 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்று விளம்பரம் செய்வது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. பந்தயம் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 4 ரூபாய் கேசினோவுக்கு என்பதுதான் இதற்கு அர்த்தம். நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 600 சுற்று. சுற்றுக்கு 10,000 ரூபாய் வைக்கும் ஸ்ட்ரீமர் ஒரு மணி நேரத்தில் 60 லட்சத்தைச் சுற்றவிடுகிறார். அதில் 4 சதவீதம், அதாவது சராசரியாக 2 லட்சத்து 40 ஆயிரம் போகும். தினமும் 4 மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் மாத நஷ்டம் 2 கோடியே 40 லட்சம். ஒரு நாள் ஜெயிப்பார், ஒரு நாள் தோற்பார், அது வேறு. மாதக்கணக்கில் ஆட ஆட இந்தக் கணக்கை நோக்கித்தான் அது வந்து சேரும்.

மாதம் இரண்டே கால் கோடிக்கு மேல் தொலைத்துவிட்டு, மறுநாள் மாலை சிரித்துக் கொண்டே வந்து உட்கார யாரால் முடியும்? அந்த நஷ்டத்தை வேறு யாரோ ஈடு செய்தால்தான் முடியும்.

ஈடு செய்வது யார் என்பதற்கு வெளியே வந்த தகவல்களே போதும். டைலர் நிக்னாம் என்ற அமெரிக்க ஸ்ட்ரீமர், 'டிரெயின்ரெக்ஸ்' என்று சொன்னால் நெட்டில் எல்லோருக்கும் தெரியும். கேசினோவைக் காட்டியதற்காக 16 மாதங்களில் 36 கோடி டாலர் வாங்கியதாக 2022 அக்டோபரில் அவரே சொன்னார். இவ்வளவு வாங்குபவர் நிஜப் பணத்தில்தான் ஆடுகிறார் என்றே வைத்துக் கொள்ளுங்கள். அது அவருக்கு நஷ்டமா, தொழிலுக்கான செலவா?

இதைவிட மோசமான கதை ஒன்று உண்டு. கவுண்டர் ஸ்டிரைக் என்ற துப்பாக்கி கேமில் துப்பாக்கிகளுக்கு வண்ண வண்ணமாக 'ஸ்கின்' போடலாம். இந்த ஸ்கின்கள் நிஜப் பணத்துக்கு விற்பனையாகின்றன. அவற்றைப் பந்தயமாக வைத்து ஆட ஒரு வெப்சைட் இருந்தது. டிரெவர் மார்ட்டின், தாமஸ் காசெல் என்ற இரண்டு பிரபல யூடியூபர்கள் அதில் ஆடி ஜெயிப்பதை வீடியோ போட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் 13,000 டாலர் ஜெயிப்பது எப்படி என்கிற ரகத் தலைப்புகள். 2016-ல் விஷயம் வெளியே வந்தது. அந்த வெப்சைட்டின் முதலாளிகளே அவர்கள் இருவரும்தான்! மற்ற ஸ்ட்ரீமர்களுக்கு 2,500 முதல் 55,000 டாலர் வரை கொடுத்து விளம்பரம் செய்ய வைத்ததாகவும் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் சொன்னது. 2017 செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அபராதம் கூட இல்லை. இனிமேல் இப்படிப்பட்ட தொடர்பை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற உத்தரவோடு சரி.

சொந்தப் பணத்தில் ஆடும் ஸ்ட்ரீமரே கிடையாதா என்றால், உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த 'ஸ்லைக்கர்' என்ற ஸ்ட்ரீமர் பேங்க் அக்கவுண்ட் முடங்கிவிட்டது என்பது போன்ற காரணங்களைச் சொல்லி, சக ஸ்ட்ரீமர்களிடமும் தன் ரசிகர்களிடமும் கடன் வாங்கினார். குறைந்தது 2 லட்சம் டாலர். எல்லாவற்றையும் சூதாட்டத்தில் விட்டதாக 2022 செப்டம்பரில் அழுதுகொண்டே ஒப்புக் கொண்டார். அதைத் தொடர்ந்து எழுந்த சத்தத்தில்தான் ட்விட்ச் என்ற பெரிய ஸ்ட்ரீமிங் தளம், உரிய லைசென்ஸ் இல்லாத கேசினோ சைட்டுகளைக் காட்டுவதற்கு அந்த அக்டோபரில் தடை போட்டது. இரண்டே மாதத்தில் 'கிக்' என்று புதிதாக ஒரு ஸ்ட்ரீமிங் தளம் முளைத்தது. அதன் பின்னணியில் இருந்தவர்கள், ட்விட்ச் தடை செய்த கேசினோக்களில் ஒன்றான 'ஸ்டேக்'கை நிறுவிய எட் கிரேவனும் பிஜான் தெஹ்ரானியும். கூத்தாடிக்கு மேடை கிடைக்கவில்லை என்றதும் கேசினோக்காரர்களே கொட்டகை கட்டிவிட்டார்கள்.

சின்ன வயதில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நான் பார்த்த மூணு சீட்டு ஆட்டம் ஞாபகம் வருகிறது. ஒரு துணியை விரித்து மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, ராணி எங்கே என்று கேட்பார்கள். யாரோ ஒருவர் நூறு ரூபாய் வைத்து இருநூறு வாங்கிக் கொண்டு போவார். வாயைப் பிளந்து பார்த்துக் கொண்டிருந்த என்னை அப்பா இழுத்துக் கொண்டு போனார். "அவனும் இவனும் ஒரே பஸ்ல வந்தவங்கடா" என்றார். இந்தக் கதையைச் சொன்னதும் அண்ணாவுக்குப் பாதி புரிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு அந்த வீடியோவின் கீழே இருந்த லிங்க்கைக் காட்டினேன். லிங்க்கைக் கிளிக் செய்யாமல் அதன் மேல் மவுஸை மட்டும் வையுங்கள். பிரவுசரின் கீழ் மூலையில் முழு முகவரியும் தெரியும். இதில் கடைசியில் அந்த இளைஞரின் சேனல் பெயர் ஒட்டியிருந்தது. அந்த வழியாகப் போய் யார் அக்கவுண்ட் திறந்தாலும், இவர் அனுப்பிய ஆள் என்று கேசினோவின் கணக்கில் பதிவாகும். புரோமோ கோடு என்று ஒன்று தந்து டைப் செய்யச் சொல்வதும் இதற்குத்தான்.

இதற்குக் கூலி இரண்டு விதம். பணம் கட்டும் தலைக்கு இவ்வளவு என்பது ஒன்று. நீங்கள் தோற்கும் பணத்தில் பங்கு என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பங்கு 30 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். அண்ணா 40,000 ரூபாயைத் தோற்றால் அந்த இளைஞருக்கு 12,000 ரூபாய். அண்ணா ஜெயித்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து ஜெயிப்போம்" என்று தெலுங்கில் அவர் சொல்வதன் மறுபக்கம் இது. இப்படிப் பார்த்தால், அது அவர் பணமா என்ற கேள்விக்கு என் பதில்: இன்றைக்கு அது கேசினோ பணமாக இருக்கலாம், ஆனால் போகப் போக உங்கள் பணம்.

நம் ஊரில் சட்டம் இல்லாமல் இல்லை. தெலங்கானா 2017-லும் ஆந்திரா 2020-லும் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்தன. தமிழ்நாட்டில் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் சட்டமானது. விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதை அண்ணா கேள்விப்படவே இல்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி அவற்றை மட்டும் விலக்கியது. முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பிய ஸ்லாட் போன்றவற்றின் மேல் இருந்த தடை அப்படியே நின்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் எதிராகச் சட்டம் நிறைவேற்றியது. அதில் விளம்பரத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வழக்கும் பதிவாகிறது. 2025 மார்ச்சில் பெட்டிங் ஆப்களை விளம்பரப்படுத்தியதாக, ஐதராபாத்தில் பஞ்சகுட்டா போலீசார் 11 பேர் மீதும் மியாபூர் போலீசார் 25 பேர் மீதும் வழக்குப் போட்டார்கள். அவர்களில் யூடியூபர்களும் இருந்தார்கள், பெரிய நடிகர்களும் இருந்தார்கள். ஆனால் கேசினோவின் சர்வர் இருப்பது ஏதோ வெளிநாட்டில். போலீஸ் போய்க் கதவைத் தட்டும் தூரத்தில் இல்லை. அதனால் சட்டம் இருக்கிறதே என்று மட்டும் நம்பி வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அந்த மூவாயிரம் வருமா?" என்று கேட்டார் அண்ணா. அவர் அக்கவுண்டில் பேலன்ஸ் 7,400 ரூபாய் என்று காட்டியது. அதை எடுக்கக் கொடுத்தால், இன்னும் 5,000 ரூபாய் கட்டினால்தான் எடுக்கலாம் என்று மெசேஜ் வந்தது. முதலில் பணம் கட்டியது எந்தக் கம்பெனிக்கு என்று போனில் பார்த்தோம். கம்பெனி பெயரே இல்லை. யாரோ ஒரு தனி நபரின் பெயர்.

"வராதுண்ணா. இந்த 7,400-ம் நீங்க போட்ட 900 ரன் மாதிரிதான்" என்றேன். இருந்தாலும் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் செய்யச் சொன்னேன். ஆடியதற்குத் தன்னையும் பிடிப்பார்களோ என்று தயங்கினார். அப்புறம் அவரே நம்பரைப் போட்டார். லைன் பிஸியாக இருந்தது. காத்திருந்த நேரத்தில் பையன் ஸ்கூலிலிருந்து வந்து, பிரிண்டர் ரெடியா என்று கேட்டான். ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வேண்டுமாம்.