போதையில்லா மேதை!



"கலைஞன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பான் மச்சி! தண்ணி, தம் இல்லாம கற்பனை எப்படி வரும்?" விடுதி மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கேட்க உண்மை போலத்தான் இருக்கிறது. ஆனால் கடைந்தெடுத்த பொய் என்பது என் கருத்து. சாட்சிக்கு ஒரு அமெரிக்க டிரம்பெட் கலைஞரை அழைக்கிறேன். பெயர் கிளிஃபோர்ட் பிரவுன்.

"டிரம்பெட்டா? கல்யாண பேண்டு செட்டுல ஊதுவாங்களே, அதுவா?" என்கிறீர்களா? அதேதான்! ஆனால் இவர் ஊதியது ஜாஸ் இசையில் 'பீபாப்' என்ற வகை. 1940-களில் நியூயார்க்கில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றோர் வளர்த்த பாணி. முதலில் பாட்டின் மெட்டை வாசிப்பார்கள். பிறகு அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் சுர அடுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தந்த நொடியில் புதுசு புதுசாகக் கற்பனை செய்து வாசிக்க வேண்டும். அதுவும் அசுர வேகத்தில்! நம் கச்சேரியில் வரும் கற்பனை ஸ்வரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டிரம்பெட்டில் இருப்பது மூன்றே வால்வுகள். எத்தனை சேர்க்கை வரும்? கணக்குப் போட்டால் எட்டு! மிச்ச வேலையெல்லாம் உதட்டின் இறுக்கமும் மூச்சின் அழுத்தமும் செய்ய வேண்டும். உதடு கொஞ்சம் தளர்ந்தால் சுருதி போச்சு! அந்த வாத்தியத்தில் சாக்ஸபோனுக்கு ஈடாக ஓடுவது லேசுப்பட்ட காரியமா?

பிரவுன் 1930 அக்டோபர் 30 அன்று டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் பிறந்தார். பதின்மூன்று வயது வாக்கில் அப்பா ஒரு டிரம்பெட் வாங்கிக் கொடுத்தார். பின்னர் டெலவேர் ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்தபோது, அங்கே இசைத் துறையே இல்லை! என்ன செய்தார்? கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டார், டிரம்பெட்டையும் விடவில்லை. "மெக்கானிக்கல் கேட்டேன், சிவில் கொடுத்துட்டாங்க" என்று மூணு வருஷமும் புலம்பும் நண்பர்கள் கவனிக்கவும்! பிறகு, நல்ல இசைக்குழு இருந்த மேரிலாண்ட் ஸ்டேட் கல்லூரிக்கு மாறினார்.

1950 ஜூனில் பயங்கரமான கார் விபத்து. ஏறக்குறைய ஒரு வருஷம் ஆஸ்பத்திரி வாசம். பார்க்க வந்த கில்லெஸ்பி, இசையை விட்டுவிடக் கூடாது என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். எழுந்து வந்த பிரவுன் 1952-ல் முதல் இசைத்தட்டுக்கு வாசித்தார்.

1953-ல் லயனல் ஹாம்ப்டன் குழுவோடு ஐரோப்பா பயணம். வெளியே யாரும் தனியாக ரெக்கார்டிங் செய்யக் கூடாது என்று குழுவில் கண்டிப்பான உத்தரவு. பாரிசில் இவரும் சில நண்பர்களும் நைசாக நழுவிப் போய் ரெக்கார்டிங் செய்தார்கள்! வார்டன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு நாம் செகண்ட் ஷோ போகிறோம். அவர் போனதோ வாசிக்க! சுவர் ஏறிக் குதிப்பதிலும் தரம் இருக்கிறது ஐயா!

1954 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் 'பேர்ட்லேண்ட்' கிளப்பில் ஆர்ட் பிளேக்கி குழுவோடு வாசித்தது புளூ நோட் இசைத்தட்டாக வந்தது. அதே வருஷம் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து ஐவர் குழு அமைத்தார். அவருடைய மிகச் சிறந்த பதிவுகள் பல அந்தக் குழுவோடு வாசித்தவைதான். புதிதாகக் கேட்பவர்கள் அவரே இயற்றிய 'ஜாய் ஸ்பிரிங்'கில் ஆரம்பியுங்கள். பிறகு 1955-ல் வந்த 'ஸ்டடி இன் பிரவுன்' தொகுப்பில் 'செரோகி' கேளுங்கள். ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால் தந்திக் கம்பங்கள் கலங்கலாகத் தெரியும் அல்லவா? இவர் வேகத்தில் ஒவ்வொரு கம்பமும் தனித்தனியாக, நேராக நிற்கும்! முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்துத் தேய்த்தவர்களுக்குப் புரியும், இந்தச் சுத்தம் ஒரே நாளில் கைக்கு வராது என்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாட்களில் ஜாஸ் உலகைப் பிடித்து ஆட்டியது ஹெராயின். பார்க்கர் 1955-ல் இறந்தபோது வயது 34. பிரவுனுக்கு ஆதர்சமாக இருந்த டிரம்பெட் கலைஞர் ஃபேட்ஸ் நவாரோ 1950-ல் இறந்தபோது 26 தான்; காசநோயோடு போதையும் சேர்ந்து கொன்றது. பார்க்கர் மாதிரி வாசிக்க அந்த ஊசிதான் வழி என்று எத்தனையோ இளைஞர்கள் நம்பிக் கெட்டார்கள். பிரவுன் அந்தப் பக்கமே போகவில்லை. சதுரங்கம், கணக்கு, ஓயாத சாதகம் என்று இருந்தார். ஹெராயினிலிருந்து மீண்டு 1955 இறுதியில் குழுவில் சேர்ந்தவர் சாக்ஸபோன் மேதை சானி ரோலின்ஸ். ஒழுங்காக வாழ்ந்துகொண்டே நல்ல ஜாஸ் கலைஞனாக இருக்க முடியும் என்பதைப் பிரவுனிடம்தான் கண்டுகொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அறிவுரை சொல்லாமலே ஒருவர் இன்னொருவருக்குத் தெம்பு கொடுத்தது இப்படித்தான்!

"சரி, ஒழுக்கமா இருந்தாரே, என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1956 ஜூன் 26 அன்று, மழை பெய்த இரவில், பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் மீண்டும் கார் விபத்து. பிரவுன், பியானோ கலைஞர் ரிச்சி பவல், காரை ஓட்டிய பவலின் மனைவி மூவரும் இறந்தார்கள். பிரவுனுக்கு வயது 25!

ஒழுங்காக இருந்தால் நூறு வயசு என்று யாரும் கியாரண்டி கார்டு எழுதித் தரவில்லை நண்பர்களே! ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர் இசைத்தட்டுக்கு வாசித்தது நாலே வருஷம் சொச்சம். அந்த நாலு வருஷத்தில் ஒரு நாளைக்கூடப் போதைக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் லீ மார்கன், ஃப்ரெடி ஹப்பர்ட் என்று அடுத்த தலைமுறையே அவர் பாணியிலிருந்து கிளம்பியது. பென்னி கோல்சன் அவர் நினைவாக ஒரு மெட்டு அமைத்தார். ஜாஸ் கலைஞர்கள் அதை விடாமல் வாசித்து வருகிறார்கள்.

நமக்கும் டிப்ளமோ மூணு வருஷம்தான். கற்பனை பாட்டிலில் இல்லை. பழகிய கையில் இருக்கிறது. அடுத்த முறை மொட்டை மாடியில் அந்த வசனத்தை யாராவது எடுத்துவிட்டால், வாதம் வேண்டாம். 'செரோகி'யைப் போட்டுக் காட்டுங்கள். கேட்டு முடித்ததும் அவனே சொல்லட்டும்!