பீரங்கியும் வண்டி மாடுகளும்

உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட 155 மி.மீ. இழுவைப் பீரங்கிகளையும், அவற்றை இழுத்துச் செல்லும் வாகனங்களையும் வாங்க 2025 மார்ச் மாதம் சுமார் ரூ.6,900 கோடிக்குப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் செய்தது. பீரங்கிகளின் வீச்சு பற்றி நிறையப் பேசப்பட்டது. இழுவை வாகனங்களைப் பற்றி எவரும் பேசவில்லை. ஆனால், பல போர்களின் முடிவைத் தீர்மானித்தது இந்த இரண்டாவது பகுதிதான். அதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி 1748-இல் உருவாக்கிய சென்னைப் பீரங்கிப் படைக்கு 1774 முதல் பரங்கிமலையே தலைமையிடம். சென்னையிலிருந்து தாம்பரம் வழியாக ஒரகடம், வடக்குப்பட்டு தொழிற்பகுதிக்கு வருவோர் அந்த மலையைக் கடந்துதான் வருகின்றனர்.

1780 ஆகஸ்டில் ஹெக்டர் மன்றோ தலைமையில் கம்பெனிப் படை பரங்கிமலையிலிருந்து காஞ்சிபுரம் சென்றது. அங்கே சேர்த்து வைத்திருந்த தானியத்தைக் காப்பதா, வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த பெய்லியின் படைக்கு உதவச் செல்வதா என்று மன்றோ தயங்கினார். செப்டம்பர் 10-ஆம் தேதி புள்ளலூரில் ஹைதர் அலி, திப்புவின் படைகள் பெய்லியைச் சூழ்ந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பெய்லி சரணடைந்தார். உணவும் இழுவை மாடுகளும் போதாத நிலையில், மன்றோ தன் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கினார். அவரிடம் பீரங்கிகள் இருந்தன. அவற்றை நகர்த்தும் வலுதான் இல்லை.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கதைதான். 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் அருகே போரில் வென்ற காரன்வாலிஸ், மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததால் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். 1792 பிப்ரவரியில் அவர் மீண்டும் வந்தபோது, பஞ்சாரா வணிகர்களின் பொதி மாடுகள் தானியத்தோடு உடன் வந்தன. திப்பு பாதி நாட்டை இழந்தார். இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் மாறியது பீரங்கியின் திறன் அல்ல, வழங்கல் ஏற்பாடு.

1803-இல் அசாயே போர்க்களத்தில் எதிரியின் குண்டுகளுக்கு மாடுகள் பலியாக, வெல்லெஸ்லியின் பீரங்கிகள் பின்தங்கிவிட்டன. காலாட்படையினர் அவற்றின் துணையின்றி முன்னேறிப் பேரிழப்பைச் சந்தித்தனர். பர்மா, சீனா எனக் கடல் கடந்தும் போரிட்ட அந்தப் படை, 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரச பீரங்கிப் படையில் கரைந்தது.

மாடுகளின் காலம் முடிந்தது, பாடம் முடியவில்லை. 1999 கார்கில் போரில் நமது பீரங்கிப் படை சுமார் இரண்டரை லட்சம் குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் செலவிட்டது. 2016 செப்டம்பர் நிலவரப்படி, 152 வகை வெடிபொருள்களில் 61 வகைகள் பத்து நாள் போருக்குக்கூடப் போதாது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017-இல் சுட்டிக்காட்டினார். உக்ரைனுக்கு ஓராண்டில் 10 லட்சம் குண்டுகள் தருவதாக 2023 மார்ச்சில் அறிவித்த ஐரோப்பிய ஒன்றியம், குறித்த காலத்தில் ஏறத்தாழ பாதியையே தர முடிந்தது. அவர்களிடம் பணம் இருந்தது. ஆலைகளில் திறன் இல்லை.

இந்த இடத்தில்தான் நமது தொழிற்பகுதி முக்கியத்துவம் பெறுகிறது. 2018-இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சென்னையும் ஒன்று. ஒரகடத்தில் லாரியும் காரும் டயரும் உற்பத்தியாகின்றன. அருகிலுள்ள வல்லம் வடகாலில் விண்வெளி மற்றும் பாதுகாப்புத் தொழில் பூங்கா உள்ளது. பெரிய ஆலைகளைச் சுற்றி இயங்கும் சிறு பட்டறைகளுக்குத் துல்லியமாகக் கடைசல் செய்யும் திறனும் உண்டு. வெடிமருந்து நிரப்பும் வேலையைக் குடியிருப்புகளுக்கு நடுவே செய்ய முடியாது. அதற்குத் தனி ஆலைகள் உள்ளன. ஆனால், இழுவை வாகன உறுப்புகளையும் உலோகப் பாகங்களையும் இங்கே செய்யலாம்.

தடையாக இருப்பது கொள்முதல் முறை. கார் நிறுவனம் தன் தேவையை மாதந்தோறும் முன்கூட்டிச் சொல்கிறது. பாதுகாப்புத் துறை ஒப்பந்தப்புள்ளியோ ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. ஒருமுறை கிடைத்த ஆர்டர் மறுமுறை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. வாங்குபவர் ஒருவரே உள்ள சந்தையில், அவருடைய தாமதத்தின் செலவு முழுவதையும் வங்கிக் கடனுக்கு வட்டி கட்டும் சிறு தொழில்முனைவோரே சுமக்கிறார்.

பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேண்டிய பணத்தைக் குண்டுகளாகக் குவித்து வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. குவித்து வைக்க வேண்டாம் என்பதே என் வாதமும். கிடங்கில் வயதாகும் குண்டைவிட, அமைதிக் காலத்தில் லாரி உறுப்பும் நெருக்கடியில் பீரங்கி உறுப்பும் செய்யும் கடைசல் இயந்திரமே சிக்கனமானது. அதற்கு ஐந்தாண்டுக்குக் குறையாத, சிறிய அளவிலாவது தொடர்ச்சியான ஆர்டர்கள் வேண்டும். தரச் சான்று விரைவாகக் கிடைக்க வேண்டும். உரிய நாளில் பணம் வந்து சேர வேண்டும். ரூ.6,900 கோடி ஒப்பந்தத்தில் எத்தனை ரூபாய், எத்தனை ஆண்டுகளுக்கு, இத்தகைய பட்டறைகளைச் சென்றடையும் என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.