தடுத்ததா, தள்ளிப்போட்டதா?

ஆறு மாத முடிவைக் கொண்டு ஒரு சிகிச்சையைத் 'தடுப்பு' என்றழைக்கும் வழக்கம் மருத்துவ ஆய்விதழ்களில் இன்றும் ஓயவில்லை. கால் தமனிகளுக்குள் அளிக்கப்பட்ட கதிர்வீச்சின் வரலாற்றை அறிந்தவர்கள் இவ்வளவு எளிதாக அச்சொல்லைக் கையாளமாட்டார்கள்.

அடைபட்ட தொடைத் தமனியைப் பலூனால் விரிக்கும்போது அதன் உட்சுவர் கிழிபடுகிறது. அக்காயம் ஆறும் போக்கில் சுவரின் மென்தசைச் செல்கள் மிகையாகப் பெருகித் திறந்த வழியை மீண்டும் குறுக்குகின்றன. பெருகும் செல்லைக் கதிர்வீச்சு கட்டுப்படுத்தும் என்பது புற்றுநோய் மருத்துவம் முன்பே அறிந்தது. இரிடியம்-192 மூலத்தைக் கதீட்டர் வழியே சில நிமிடங்கள் உள்ளே நிறுத்தி எடுக்கும் முறை அந்த அறிவிலிருந்து பிறந்தது.

2000ஆம் ஆண்டில் வெளியான வியன்னா ஆய்வில் பலூன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் 53.7 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்திற்குள் குறுக்கம் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 28.3 விழுக்காடு. ஏறக்குறைய பாதி! ஆனால் அதே நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது வேறுபாடு மறைந்துவிட்டது. இரு குழுக்களிலும் பத்தில் ஏழு பேருக்கு மேல் குறுக்கம் திரும்பியிருந்தது. கதிர்வீச்சு குறுக்கத்தைத் தடுக்கவில்லை, தள்ளிப்போட்டது. உட்சுவர் ஆறுவதையும் அது தாமதப்படுத்தியதால், புதிதாக ஸ்டென்ட் பொருத்திய இடங்களில் காலம் கடந்து இரத்தம் உறையும் இடரும் சேர்ந்துகொண்டது.

தள்ளிப்போடுதல் பயனற்றது என்று கூறுவதற்கில்லை. பாதப்புண் ஆறும்வரை இரத்தம் ஓடினால் ஒரு கால் தப்பலாம். நீரிழிவு மிகுந்த இந்தியாவில் அது சிறிய ஆதாயமன்று. ஆயினும் நோயாளியிடம் அதைத் தாமதம் என்றே சொல்ல வேண்டும். கைப்பணம் செலவழித்து வருபவரிடம் இன்னும் கண்டிப்பாக.

கதிர்வீச்சின் இடத்தைப் பின்னர் பாக்லிடாக்செல் மருந்து பூசிய பலூன்களும் ஸ்டென்ட்களும் பிடித்தன. அவற்றால் இறப்பு கூடுகிறதோ என்ற ஐயத்தை 2018இல் ஒரு தொகுப்பாய்வு எழுப்பியது. கூடுதல் இறப்புக்குச் சான்றில்லை என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அறிவிக்க 2023 ஆயிற்று. பங்கேற்றோர் பலரின் நிலை இடைவழியில் பதிவிலிருந்தே நழுவியிருந்ததும் இந்த இழுபறிக்கு ஒரு காரணம்.

இத்துறையில் புதிய ஆய்வுக்கு நிதியும் நெறிக்குழு ஒப்புதலும் வழங்குவோர், ஐந்தாண்டுப் பின்தொடர்தலுக்கான பணமும் ஆளும் திட்டத்திலேயே உள்ளனவா என்று முதலில் பார்க்கட்டும். குழாயின் விட்டத்தோடு, நோயாளி எவ்வளவு தொலைவு நடக்கிறார், கால் எஞ்சியதா என்பவையும் முதன்மை அளவீடுகளில் இடம்பெறட்டும்.