மழைநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள்

சென்னை மக்களுக்குச் சிவில் பொறியாளர்கள் சிலரின் வேண்டுகோள்

இந்த நகரத்தில் வீடும் சாலையும் வடிகாலும் கட்டிப் பிழைக்கும் பொறியாளர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைதாண்டி வீடுகளுக்குள் வந்தது. நான்கே ஆண்டில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நீர்த்தேக்கங்கள் நான்கும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கின. வெள்ளத்துக்கு ஒரு திட்டம், வறட்சிக்கு ஒரு திட்டம் என்று எங்களிடம் தனித்தனியாகவே கேட்கிறார்கள். நாங்களும் தனித்தனியாகவே வரைந்து கொடுக்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது எங்கள் முடிவு. மழைநீரை எவ்வளவு சீக்கிரம் ஊரைவிட்டு வெளியே தள்ளலாம் என்று கணக்குப் போட்டோம். எங்கே தங்கவைக்கலாம் என்ற கணக்கைப் போடவே இல்லை.

போடத் தெரிந்த ஊர்தான் இது. ஓர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரியை நிரப்பும். கலங்கலின் உயரம்தான் எவ்வளவு நீரை நிறுத்துவது, எவ்வளவை விடுவது என்பதைத் தீர்மானிக்கும். கீழ்க்கட்டளை ஏரி வழிந்தால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு, அது நிரம்பினால் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு, கடைசியில் கோவளத்தில் கடலுக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைத் தூர்த்தாலும் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வரும். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, கரையும் இல்லை, ஏரியும் இல்லை. அந்தக் காலத்தில் அது தவறு என்று யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கரணை விஷயத்தில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. சதுப்புநிலம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகும் அதன்மேல் குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், கட்டடம் எழுப்பினோம். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது சுமார் 1,250 ஹெக்டேர்.

ஏரியை மீட்பது அரசின் வேலை என்று விட்டுவிட்டாலும், உங்கள் மொட்டை மாடி உங்களுடையது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1 லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற அளவுப்படி நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஆறு மாதத் தண்ணீர். 2019இல் அன்று ரயிலில் வந்த நீர், இருபத்தைந்து வீட்டு மாடிகளில் ஓராண்டில் சேர்வதற்குச் சமம்.

2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அடுத்த சில ஆண்டுகளில் பல இடங்களில் நிலத்தடி நீர் ஏறியது. பிறகு என்ன ஆனது என்பதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மாடியிலிருந்து இறங்கும் குழாய் தொட்டிக்குள் போகும். தொட்டியில் கூழாங்கல்லின் மேல் விரற்கடை கனத்துக்குச் சேறு படிந்து இறுகியிருக்கும். மூடியின் விளிம்பைச் சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்கள். இன்னும் சில வீடுகளில் அந்தக் குழாயைச் சாக்கடை இணைப்பில் சேர்த்திருப்பார்கள். மழை பெய்த உடனே தெருவில் ஆள்நுழைக் குழி பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் எங்கள் தொழிலின் பங்கை மறைக்க விரும்பவில்லை. களிமண்ணா மணலா என்று பார்க்காமல் எல்லா மனைக்கும் ஒரே வரைபடத்தை ஒட்டி, அனுமதி கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் எங்களில் இருக்கிறார்கள். பொறியாளரின் கையெழுத்து ஓர் உறுதிமொழி. இந்தக் கட்டடம் இடிந்து விழாது என்பதோடு, பக்கத்து வீட்டை மூழ்கடிக்காது, பத்து வருடம் கழித்து போர்வெல்லை வறளவிடாது என்பதும் அதில் அடங்க வேண்டும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருக்கின்றனவே, இன்னும் எதற்கு இந்தப் பாடு என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஆலைகள் தேவை. அவற்றைக் கட்டியவர்களும் எங்கள் தொழில்காரர்களே. ஆனால் அங்கே ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. மாடியில் விழும் நீருக்கு வானம் கட்டணம் கேட்பதில்லை. 2015 போன்ற மழையை எந்த வடிவமைப்பும் தாங்காது என்பது இன்னொரு வாதம். அந்த அளவு மழையில் எந்த நகரமும் நனையும், உண்மைதான். முழங்கால் அளவா முதல் மாடி அளவா, ஆறு மணி நேரமா ஆறு நாளா என்பதை முடிவு செய்வது நாம் எங்கே, எப்படிக் கட்டினோம் என்பதே. பொறியாளர் சொன்னால் யார் கேட்கிறார்கள், முடிவு மேலிடத்தில்தானே என்பார்கள். இது எங்களுக்கு வலிக்கும் கேள்வி, பாதி உண்மையும்கூட. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணற்பாங்கான இடத்தில் மழைநீர் வடிகால் எதற்கு, மணலே உறிஞ்சிக்கொள்கிறதே என்று குடியிருப்போர் கேட்ட கேள்வி பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. அது ஒரு நல்ல பொறியாளர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மக்கள் கேட்டால் அலுவலகத்துக்குள் இருக்கும் எங்கள் குரலுக்கும் பலம் வரும்.

ஆகவே கேட்கிறோம். வீடு கட்டப் போகிறவர்கள் தரைத்தளத் திட்டத்தைப் பார்ப்பதற்கு முன் மண் பரிசோதனையைக் கேளுங்கள். அந்த மனை பழைய வருவாய் வரைபடத்தில் ஏரியா, கால்வாயா, நஞ்சையா என்று கேளுங்கள். ஏரி என்று சொல்லும் பொறியாளரை மாற்றாதீர்கள், மனையை மாற்றுங்கள். வாசல் முழுவதும் பேவர் பிளாக் பதித்து அடைக்காதீர்கள். அடுக்குமாடி வாசிகள் சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புக்கு ஒதுக்குவதுபோல் மழைநீர் இறங்கும் உறைகிணற்றைத் தூர்வாரவும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மழைநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது சரியா என்று புரியாவிட்டால் உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ எங்களில் ஒருவர் இருப்பார். கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறோம்.