எதிரியின் வாதத்தைக் காத்தவர்

கிறிஸ்தவ விசுவாசத்தைக் கண்டித்துச் செல்சுஸ் என்னும் தத்துவவாதி இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய நூல் இன்று தனியே கிடைக்காவிடினும், அதன் பெரும்பகுதியை நாம் வாசிக்க முடிகிறதென்றால், கி.பி. 248 அளவில் எட்டுப் புத்தகங்களாக மறுப்பு எழுதிய ஓரிகன், அந்த ஆட்சேபங்களைப் பெரும்பாலும் செல்சுஸின் சொற்களிலேயே எடுத்துக்காட்டி விடை பகர்ந்ததே அதற்குக் காரணம். ஆராயாமல் நம்பச் சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டையும், உயிர்த்தெழுந்தவரைக் கண்டதாகச் சொன்னவள் சித்தம் கலங்கிய ஒரு பெண் என்ற ஏளனத்தையும்கூட அவர் மறைத்தாரில்லை. ஆராய்ந்தறிய எல்லோர்க்கும் அவகாசமில்லை என்பதை ஒப்புக்கொண்டு, ஆராய வல்லார்க்குத் திருச்சபையில் இடமுண்டு என்று வாதித்தார். இந்த நேர்மை, என் கருத்தில், அவருடைய தர்க்கங்கள் பலவற்றினும் வலிமை வாய்ந்தது.

இன்றோ, மாற்கு சுவிசேஷத்தின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை என்பதைப் பிரசங்க பீடத்தில் சொல்லத் தயங்குவோர் உளர். வெறுமையான கல்லறையின் செய்தி அவற்றுக்கு முந்தைய எட்டு வசனங்களிலேயே நிற்க, அச்சம் எதற்கு? மறைக்கப்பட்டதைப் பிறர் வாயிலாக அறியும் இளைஞன் மற்ற யாவற்றையும் சந்தேகிப்பான். போதகர்களே, அவனுக்கு அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.