இருபதில் ஆடும், நாற்பதில் அடங்கும்

மோகனூரில் இருக்கும் என் மாமாவிடம் ஒரு பழைய டீசல் ஜீப் உண்டு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி; வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தோப்பிலிருந்து வாழைத்தார் ஏற்றுவது முதல் பேத்தியைப் பள்ளியில் விடுவது வரை எல்லாம் அதில்தான்.

ஆடி மாதம் போயிருந்தபோது, “வண்டில ஒரு சின்ன ஆட்டம் மாப்ளே. இருபதுல போனா ஸ்டீயரிங் இடமும் வலமும் ஆடுது. நாற்பதைத் தாண்டினா அடங்கிடுது. அதனால கொஞ்சம் வேகமாவே ஓட்டிக்கறேன்” என்றார், மருந்து கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு.

அதற்குள் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது. ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு அத்தை, பேரன் பேத்திகளுடன் கொல்லிமலை போவதாகத் திட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவு! எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வேகம் கூடினால் மறைகிற ஆட்டம் குணமான ஆட்டம் இல்லை. ஜீப் டயர் ஒரு சுற்று சுற்றினால் சுமார் இரண்டேகால் மீட்டர் போகும். இருபது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு இரண்டரை சுற்று. டயரில் ஓரிடம் வீங்கியிருந்தால், ஒவ்வொரு இடியும் தனித்தனியாகக் கையில் தெரியும். நாற்பதில் அதே இடி நொடிக்கு ஐந்து. ஒன்றோடொன்று கலந்து வெறும் அதிர்வாகிவிடும். நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பேலன்சிங் கோளாறு இதற்கு நேர்மாறு. அது வேகம் கூடக்கூடத்தான் தலைகாட்டும்.

மறுநாள் காலை வாசலிலேயே பார்த்துவிட்டோம். நீங்களும் இதே வரிசையில் பாருங்கள். செலவில்லாதது முதலில்.

முதலில் காற்றும் வீல் நட்டும். நட்டு தளர்ந்திருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அடுத்து, சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். ஃபோர் வீல் கியர் விடுபட்டிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். டயருக்கு அருகே ஒரு குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். டயர் ஓரிடத்தில் குச்சியைத் தொட்டு, மற்ற இடத்தில் விலகினால் வட்டம் கெட்டுவிட்டது. குச்சியை ரிம் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். ரிம் நெளிந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராடு எண்டைப் பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம் போக வேண்டும்.

மாமா வண்டியில் பேரிங், கிங் பின் இரண்டும் கல்லு மாதிரி இருந்தன. வலது முன் டயர்தான் குச்சியைத் தட்டியது. கையால் தடவினால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேடு. உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. அதைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி ஊரைச் சுற்றி வந்தோம். ஆட்டம் போன இடம் தெரியவில்லை.

“பட்டன் பாதிகூடத் தேயலையே மாப்ளே!” என்றார் மாமா. அங்கேதான் ஏமாந்திருக்கிறார். குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் தேய்வதற்குள் ரப்பருக்கு வயதாகிவிடும், அதுவும் நம் ஊர் வெயிலில். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2413 என்றால் 2013-ஆம் ஆண்டின் 24-வது வாரம் செய்தது. ஐந்து வயதுக்கு மேல் வருடா வருடம் சோதிக்க வேண்டும். பார்க்க நன்றாக இருந்தாலும் பத்து வயதில் விடை கொடுத்துவிட வேண்டும். மாமாவின் டயருக்கு அந்த வயது எப்போதோ முடிந்துவிட்டது. இப்படி அடுக்கு விட்ட டயர், ஆள் ஏற்றி வேகமாகப் போகும்போது சூடேறி வெடிக்கலாம். அவர் ‘மருந்து’ என்று நினைத்த வேகம்தான் அதற்கு விஷம்.

முன்னால் இரண்டும் ஜோடியாகப் புது டயர் போட்டாயிற்று. கொல்லிமலைக்குக் கிளம்பும்போது மாமா ஊர் எல்லை வரை வேண்டுமென்றே இருபதில் ஓட்டினார். பின் சீட்டிலிருந்து பேத்தி கேட்டாள்: “தாத்தா, இன்னிக்கு ஏன் மெதுவா போறீங்க?”

“இன்னிக்குத்தான் கண்ணு மெதுவா போக முடியுது” என்றார்.