கயிறு பிடிப்பவரின் கடமை

மலையகத்துத் தோட்டத் திருவிழாவில் காவடியாடுபவரை எல்லோரும் பார்க்கிறார்கள். முதுகில் ஏறிய செடில் முட்களையும், கன்னத்தைத் துளைத்த அலகையும் கண்டு கைகூப்புகிறார்கள். பின்னால் நின்று அந்த முட்களின் கயிற்றை இழுத்துப் பிடித்து வருபவரை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இக்கட்டுரை அவரைப் பற்றியது.

அட்டன், நுவரெலியா, மாத்தளைப் பகுதிகளின் மாரியம்மன் விழாக்களைப் பத்திரிகையாளனாகப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். அவற்றுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. நேர்த்தி வைத்தவர் நாட்கணக்கில் விரதம் இருக்கிறார். தப்பு முழங்குகிறது, சாம்பிராணிப் புகை எழுகிறது, அருள் வருகிறது. அதன் பிறகே முள் ஏறுகிறது. வலி தெரியவில்லை என்று பின்னர் அவர் சொல்வதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆயினும் வலி தெரியாத உடலுக்கு ஆபத்தும் தெரியாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நம்முடைய காவடி கடல் கடந்து வேறோர் அரங்குக்கும் சென்றிருக்கிறது. பக்கீர் முசாபர் (1930 - 2018) எனப் பெயர் சூட்டிக்கொண்ட அமெரிக்கர் ஒருவர் காவடி தாங்கி ஆடியதை 1985ஆம் ஆண்டின் ஆவணப்படம் ஒன்று காட்டுகிறது. முள் குத்தி ஆடும் இத்தகைய சடங்குகளை இன்று அங்கே 'பி.டி.எஸ்.எம்.' எனப்படும் வட்டாரத்தினரும் நடத்துகின்றனர். வயது வந்தவர்கள் முன்கூட்டியே பேசி உடன்பட்டு, ஒருவர் தம் உடலின் மீதான அதிகாரத்தைச் சிறிது நேரம் மற்றவரிடம் ஒப்படைப்பது அவர்களது வழக்கம். கட்டுதலும், கட்டளையிடுதலும், வலியைக் கொடுத்தலும் ஏற்றலும் அதில் அடங்கும். வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பக்தியும் பாலுணர்வும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. நோக்கங்கள் வேறு. ஆனால் இரண்டிலும் உடல் ஒன்றே, மூளையும் ஒன்றே.

அத்தகைய சடங்கு ஒன்றை அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். உடலில் கொக்கிகளும் எடைகளும் மாட்டிக்கொண்டு மேள ஒலிக்கு மணிக்கணக்கில் ஆடும் நிகழ்வு அது. முள் குத்தியவர்களின் உடலில் கார்ட்டிசோல் என்னும் அழுத்தச் சுரப்பு ஏறியது. ஆனால் மனத்தின் அழுத்தம் குறைந்ததாகவே அவர்கள் கூறினர். 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லுமாறு கேட்கும் ஸ்ட்ரூப் சோதனையும் நடந்தது. எடைபோட்டுப் பார்த்துத் தன்னைக் கட்டுப்படுத்தும் முன்மூளையின் வேலை தற்காலிகமாகத் தளர்வதற்கான அறிகுறி அதில் தென்பட்டது. அந்த அறிகுறி முள் குத்தியவரிடம் மட்டுமல்லாது, குத்திவிட்டவர், மேளம் அடித்தவர், பார்த்து நின்றவர் ஆகியோரை உள்ளடக்கிய குழுவிடமும் காணப்பட்டது என்பதே என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி.

இதன் பொருள் என்ன? அருளில் இருப்பவரிடம் 'இன்னும் இழுக்கலாமா?' என்று கேட்டுப் பெறும் தலையசைப்பை முழுச் சம்மதமாகக் கொள்ள முடியாது. அவர் நிதானத்தில் இருந்தபோது சொன்னதே சம்மதம். எல்லைகள் விரத நாட்களிலேயே பேசி முடிக்கப்பட வேண்டும். பாதியில் அவர் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. போதும் என்றால் அக்கணமே நிறுத்த வேண்டும். பி.டி.எஸ்.எம். வட்டாரத்தினர் நிறுத்துவதற்கென்று ஒரு சொல்லை முன்னரே குறித்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மயங்கிய மனத்துக்கு அந்தச் சொல் நினைவுக்கு வராமற்போகலாம். ஆகவே நிறுத்தும் பொறுப்பு கயிறு பிடிப்பவருடையதே. அவரும் தப்பின் முழக்கத்தில் கரைந்துவிடக்கூடும் என்பதால், ஆட்டத்துக்கு வெளியே நிதானமாக நிற்கும் மூன்றாமவர் ஒருவர் வேண்டும். தோட்டங்களில் அனுபவமுள்ள பெரியவர்கள் வேப்பிலையும் திருநீறுமாகக் கூடவே நடந்து இந்த வேலையைச் செய்ததுண்டு. சாராயம் அருந்திய இளைஞர் கூட்டம் அவர்களது இடத்தைப் பிடிக்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது.

இன்னொன்று, அதிகாரம் பற்றியது. ஒப்படைத்த அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால்தான் அது ஒப்படைப்பு. இதை மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. துரைக்கும் கங்காணிக்கும் முன் தலையாட்டிய தலைமுறைகளின் 'சரிங்க' சம்மதமாக இருந்ததில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர் போடும் அதிகாரம் உள்ளவரிடம் ஒரு பெண் சொல்லும் 'ஆம்' இன்றும் சம்மதமாகாது. கணவனை அண்டியே வாழ வேண்டியவளின் மௌனமும் அப்படித்தான். படுக்கையறையில் ஆளுகையை விளையாட்டென்று அழைப்பவர், மறுப்பதால் எதையும் இழக்காத நிலையில் துணை இருக்கிறாரா என்று முதலில் பார்க்கட்டும்.

சம்மதம் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1993இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, பிரவுண் வழக்கில், பாலின்பத்துக்காகக் காயப்படுத்தியவர்களுக்கு மற்றவரின் சம்மதம் பாதுகாப்பாகாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஐவரில் இருவர் மாறுபட்டனர். பச்சை குத்துவதையும் குத்துச்சண்டையையும் அனுமதிக்கும் சட்டம் இதை மட்டும் தண்டிப்பது முரண் என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. அதே நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், பெண்ணைக் கொன்றுவிட்டு 'அவளே கேட்டாள்' என்று தப்பிக்கும் வழியை அடைத்தது. கழுத்தை நெரிப்பதற்குப் பாதுகாப்பான முறை எதுவும் இல்லை. சில நொடிகளிலேயே நினைவு தப்பிவிடும்.

தடை விதித்துத் தீர்க்கக்கூடிய காரியம் இது அன்று. தடைசெய்தால் இரண்டும் மறைவிடத்துக்குப் போகும்; ஆபத்து கூடும். ஆலய பரிபாலன சபைகளிடம் நான் கேட்பவை சில. ஒருவருக்குக் குத்திய முள்ளையும் அலகையும் இன்னொருவருக்குக் குத்தாதீர்கள். மஞ்சளும் எலுமிச்சையும் மஞ்சட்காமாலைக் கிருமியையோ எச்.ஐ.வி.யையோ கொல்லமாட்டா. கயிறு பிடிப்பவர் குடித்திருந்தால் கயிற்றை வாங்கிவிடுங்கள். வாகனம் ஒன்றைத் தயாராக நிறுத்துங்கள். டிக்கோயாவில் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது உண்மைதான். மேற்பிரிவு லயங்களிலிருந்து அதை அடையும் மலைப்பாதை குறுகிவிடவில்லை. அருள் இறங்கியவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உடல் தளர்ந்து மனம் வெறுமையாகும் வேளை அது. தண்ணீரும் போர்வையும் அருகிலிருக்க ஒருவரும் அவருக்குத் தேவை. மறுநாளும் போய்ப் பார்த்துவர வேண்டும்.

தன்னை முழுதாக ஒருவரிடம் ஒப்படைப்பது பெரிய நம்பிக்கை. அது அம்மன் சந்நிதியில் நடந்தாலும், அடைத்த கதவுக்குள் நடந்தாலும், அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டவர் கயிறு கையில் உள்ளவரை தன்னிலை இழக்க உரிமையற்றவர்.